சரிபார்த்தவள் கையெழுத்து

தொண்ணூறுகளின் நடுவில், வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நாங்கள் நான்கு பேர் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். உண்மையில் அதை எழுதியவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி என் தோழி; கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் படித்தவள். இன்னொருவர் ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனவர். என்னைவிட ஒரு வயது இளையவர், என்னை அக்கா என்பார், அதற்கு மேல் அதிகம் பேசமாட்டார். மூன்றாவது ஆள் முதலாளி. சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று திரும்பி வந்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். நான்காவது ஆள் நான். கையேடு தட்டச்சு செய்வதற்காக என்னைச் சேர்த்திருந்தார்கள். சேர்த்துவிட்டவள் தோழிதான்.

கையேடு என்றால், இந்தப் பொத்தானை அழுத்து, அடுத்து இந்தக் கட்டத்தில் பெயரை எழுது என்று வாங்குகிறவர்களுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும் சிறு புத்தகம். எழுதியபடி நடக்கிறதா என்று நானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் செய்திருந்தார்கள். நான் சும்மா இருக்காமல் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்தைப் பதிந்து பார்த்தேன். அது மறுபேச்சில்லாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே மணவறையில இடிச்சுக்கிட்டு இருப்பாவளோ?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றவர், "நீ இனிமே கையேடு மட்டும் அடிச்சாப் போதாது. இவங்க எழுதுததை ஒடச்சுப் பாரு. அதான் உனக்கு வேலை" என்றார். அன்றிலிருந்து நான் டெஸ்டர்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அப்பா, "டெஸ்டர்னா கரண்ட்காரன் சட்டைப் பையில குத்தி வச்சிருப்பானே, அதுலா?" என்றார். அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியவில்லை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை இன்றும் மறைக்கத் தோன்றவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கி, கண்ட தவறுகளுக்கு வரிசையாக எண் போட்டு எழுதினேன். என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். திருத்தி முடித்ததும் மறுபடி செய்து பார்த்துவிட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதி, கீழே என் பெயரின் முதல் எழுத்தைப் போடுவேன். ஆரம்பத்தில் தோழி தான் எழுதியதைத் தானே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவாள். போகப்போக, எழுதி முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "இந்தா, ஒடச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய்விடுவாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்த ஒரு டாக்டர் எங்களிடம் வந்தார். அதுவரை அங்கே முடிவுச் சீட்டுகளைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள். புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். திறப்பு விழாவன்று கணினியில் அச்சான சீட்டு கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தோழி இரண்டு மாதத்தில் எழுதி முடித்தாள்.

நான் இரண்டு நாள் காலையில் அந்தப் பரிசோதனை நிலையத்துக்கே போய், முடிவுகளைப் பதிகிற பெண்ணின் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொருவருடைய அளவுகளையும் வரிசையாக எழுதிக்கொண்டே போவாள். நடுவில் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "அந்தப் பச்சைச் சேலை அம்மாவுக்கு சுகர் மாத்திப் போடு, திருப்பிப் பாத்தாச்சு!" உடனே அவள் பின்னால் போய் அந்த அம்மாள் சீட்டைத் திருத்திவிட்டு, விட்ட இடத்துக்கு வருவாள். ஒரு மணி நேரத்தில் நான்கைந்து தடவை இப்படி நடந்தது.

அலுவலகம் திரும்பி அதே மாதிரி செய்து பார்த்தேன். ஒருவர் சீட்டைத் திருத்திவிட்டு நேராக அடுத்தவர் சீட்டுக்குப் போனால், திருத்தப்பட்டவருடைய சர்க்கரை அளவு அடுத்தவர் சீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த அடுத்தவருக்குச் சர்க்கரைப் பரிசோதனையே செய்யாவிட்டாலும் அச்சில் அது வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் வந்தது. நோட்டில் நாற்பத்தேழாவது குறிப்பாக எழுதினேன். அன்று புதன்கிழமை. திறப்பு விழா வெள்ளிக்கிழமை.

தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். "இதைத் தொட்டா மத்ததெல்லாம் குலைஞ்சுரும்ட்டி. ரெண்டு நாள்ல முடியாது."

"அப்போ அண்ணாச்சிட்ட சொல்லிருவோம். விழாவுக்குக் கையால எழுதிக் குடுக்கட்டும்."

"விளையாடுதியா? அந்த டாக்டர் ஊரெல்லாம் கூப்பிட்டிருக்காரு." என் தோளில் கையைப் போட்டாள். "திங்கக்கிழமை நான் உக்காந்து திருத்திக் குடுத்துருதேன். வெள்ளிக்கிழமை எத்தனை பேருக்குச் சீட்டு அடிக்கப் போறாவ? விருந்தாளிங்க பத்துப் பேருக்கு. நீ கையெழுத்துப் போடு. என் மேல நம்பிக்கை இல்லையா?"

டாக்டர் ஒரு தாள் கேட்டிருந்தார். 'முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்து, சரிபார்த்தவர் கையெழுத்து என்று கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். அவள் கேட்டாள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

விழா நன்றாக நடந்தது. மறுநாள் சனிக்கிழமை, அம்பாசமுத்திரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று விடுப்பு எடுத்தேன். திங்கட்கிழமை வந்தபோது தோழி இல்லை. மதுரையில் வேறொரு வேலை பேச அண்ணாச்சி அவளை அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை வந்தாள். கேட்டேன்.

"செய்யுதேன்ட்டி."

மறுவாரம் கேட்டேன். "புது வேலை கழுத்த நெரிக்கி. பைய செய்யுதேன்."

மூன்றாவது தடவை கேட்டபோது அவளுக்கு எரிச்சல் வந்தது. "லேப்ல அந்தப் பொண்ணு இத்தன நாளா ஓட்டுதா. ஒரு குறை சொல்லலையே. சவத்த விடு."

நான் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் என் கையெழுத்தும் பொய்யாகிவிடும் என்ற பயமும் அதோடு இருந்தது. புது வேலைக்குப் புது நோட்டுப் போட்டேன். பழைய நோட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு டாக்டரே மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு சீட்டு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருந்த ஒருவர் காய்ச்சலுக்காக ரத்தம் கொடுத்திருக்கிறார். காய்ச்சலுக்கான பரிசோதனையோடு, சீட்டில் சர்க்கரையும் அச்சாகியிருந்தது, முந்நூறுக்கு மேல். ஊரில் அவர் காட்டிய வைத்தியர் அதைப் பார்த்துச் சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த மனிதர் வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்துவிட்டார். வாழைத்தார் ஏற்ற வந்த வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பார்த்தால் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்திருக்கிறது. உயிர் பிழைத்துவிட்டார். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"அந்த ஆளுக்கு நாங்க சுகரே பாக்கலை" என்றார் டாக்டர். "அவருக்கு முந்தின சீட்டுலதான் அந்த அளவு இருக்கு. உங்க கம்ப்யூட்டர் அதை இவருக்கும் போட்டிருக்கு." பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது. கீழே என் கையெழுத்து.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தோழியைப் பார்த்தேன். அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதுனது நாந்தான் அண்ணாச்சி" என்றாள். "ஆனா பாத்து முடிச்சுக் கையெழுத்துப் போட்டது அவ. அவ சரின்னு சொன்ன பொறவுதான் குடுத்தோம்."

"நான் இதைக் கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இவட்ட காட்டினேன். திங்கக்கிழமை திருத்துதேன்னு சொன்னா" என்று ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். நாற்பத்தேழாவது குறிப்பை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

என் குறிப்புக்குப் பக்கத்தில் 'சரியாயிற்று' என்று எழுதியிருந்தது.

நான் எப்போதும் 'சரி' என்று மட்டும்தான் எழுதுவேன். என் பெயரின் முதல் எழுத்தும் அங்கே இல்லை. அந்த 'ற்று'வின் வாலை அப்படிச் சுழித்து எழுதுகிறவளை மூன்று வருடம் கல்லூரியில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் பாடக்குறிப்புகளை அவள் பார்த்து எழுதுவாள், அவளுடையதை நான் பார்த்து எழுதுவேன்.

"இது என் எழுத்து இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி தோழியிடம் நோட்டைத் திருப்பினார். "இது நீ எழுதுனதா?"

"ஆமா" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "அவதான் எழுதிக்கோன்னு சொன்னா. கல்யாணத்துக்குப் போறதுக்கு முந்தி." பிறகு என் பக்கம் திரும்பி, கெஞ்சுகிற மாதிரி, "நீதானட்டி சொன்ன?" என்றாள்.

அவள் கேட்ட தொனியில், ஒரு கணம் நான்தான் அப்படிச் சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த ஒரு கணம் பேசாமல் நின்றேன். அது போதுமாக இருந்தது. ஏரல்காரர் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர், "உங்களுக்குள்ள யாருன்னு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமே இல்லாமல் பேசினார். "நீ கெட்ட பிள்ள இல்ல. நான் யோசிச்சுப் பாத்தேன். நாலு பேரு இருக்க இடத்துல தப்பு கண்டுபிடிக்கன்னே ஒரு ஆளு எதுக்கு? இனிமே எழுதுதவங்களே பாத்துக்கிடட்டும். அப்பந்தான் பொறுப்பு வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னை வெளியே அனுப்புவதற்காக அதைச் சொன்னார் என்பதுதான் வலித்தது. என் பேனாவையும் டிபன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நோட்டைக் கேட்டேன், தரவில்லை. தோழி அந்த நேரம் உள்ளறையில் இருந்தாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஆற்றுப் பாலம் வரை நடந்தே வந்தேன். பாலத்தில் நின்று அழவெல்லாம் இல்லை. வீட்டில் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நாங்குநேரி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிக் களக்காட்டுக்குப் போனேன். டாக்டர் காட்டிய சீட்டில் பார்த்த பெயர் மனசை விட்டுப் போகவில்லை. வாழை மண்டியில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வலது கையில் மாவுக்கட்டோடு அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த மாதிரி என்னால் சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த தவறு என்றேன். அதை நான் முன்னாலேயே பார்த்துவிட்டேன், தோழி திருத்துகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாள், ஆனால் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டது நான்தான் என்றேன்.

அந்த மனிதர் மாவுக்கட்டை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ அந்தச் சர்க்கரை யாருக்குள்ளது?"

"உங்களுக்கு முந்தி ரத்தம் குடுத்தவருக்குள்ளது."

"அவருக்கு மருந்து குடுத்துட்டாவளா? அவரு சீட்டு சரியாத்தானே இருந்துச்சு?"

சரியாக இருந்தது என்றேன். "அப்பச் சரி" என்று தலையை ஆட்டினார்.

அவர் மனைவி அப்படி விடவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே என் எதிரில் நின்றார். "ஏம்மா, தெரிஞ்சுமா போட்ட?"

நான் தோழியைப் பற்றி மறுபடியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அவ உன்னிய ஏமாத்துனா, சரி. நீ கையெழுத்துப் போட்டது தெரிஞ்சா, தெரியாமலா? அதைச் சொல்லு."

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. வாசல் வரை வந்து, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடு என்று வழியும் சொன்னார். எனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவ்வளவு எளிதாகச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் ஆத்திரம் அடங்கியதா என்றால், இல்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தோழி வீட்டுக்கு வந்தாள். நடந்தது எதையும் நான் வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை. அம்மா அவளை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். அம்மா அடுக்களைக்குப் போனதும் அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கேன். அண்ணாச்சிக்குத் தெரியாமத்தான் வந்தேன். ஒருதடவ பாத்துத் தாயேன்."

"நீங்களே பாத்துக்கிடுதியள்லா?"

"பாக்கேன்ட்டி. நான் எழுதுனத நானே பாக்கும்போது எல்லாம் சரியாத்தான் தெரியுது." விரல்களைக் காற்றில் தட்டிக் காட்டினாள். "தட்டும்போது என் கையி தப்பான இடத்துக்குப் போகவே மாட்டேங்கி."

அவள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தக் கணமே உட்கார்ந்து பார்த்துக்கொடுத்திருப்பேன்.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நான் எழுதிக்கச் சொன்னேன்னு."

அவள் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுப்புல நீ போன அன்னிக்கு அண்ணாச்சி நோட்டைக் கேட்டாரு, டாக்டர்ட்ட காட்டணும்னு. பாக்கி இருக்கக் கூடாதுன்னாரு. திங்கக்கிழமை திருத்திரப் போறமேன்னு எழுதிட்டேன். பொறவு..."

"பொறவு உள்ளதைத்தான் கேக்கேன்."

ஒரு குற்றச்சாட்டைப் போல அவள் சொன்னாள்: "நீ வந்த பொறவுதான் நான் பாக்குறதையே விட்டேன். நீ இருக்கங்கிற தைரியத்துல. நீ இல்லாட்டி நானே அதைக் கண்டுபிடிச்சிருப்பேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. பிளாப்பியை எடுத்து அவள் கைப்பைக்குள் வைத்தேன். "காபி ஆறுது" என்றேன். குடிக்காமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

சிறிய இடங்களுக்குத் தனியாக ஒரு டெஸ்டர் வேண்டுமா என்று பின்னாளில் என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வேண்டும் என்று சொல்ல வாயெடுப்பேன். எழுதுகிறவள் போகாத இடத்துக்குப் போக இன்னொரு கை வேண்டும். அந்தப் பரிசோதனை நிலையத்தில் ஸ்டூல் போட்டு உட்காரப் பொழுதுள்ள ஒரு ஆள் வேண்டும். உடனே அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்கும். நான் வந்ததால்தான் அவள் பார்ப்பதை விட்டாள் என்பதில் பாதியாவது உண்மை. முடியாது என்று சொல்லத் தைரியமில்லாத ஒரு டெஸ்டர் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்றும் தோன்றும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் எந்தப் பதிலையும் ஒரே மாதிரி இரண்டு தடவை சொன்னதில்லை.

ஏரல்காரரை ஒருமுறை ஜங்ஷன் பஸ் நிலையத்தில் பார்த்தேன். எல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் வேறு இடத்துக்கு மாறியிருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்று, பிறகு அருகில் வந்தார். நலம் விசாரித்துக்கொண்டோம். அவருடைய பஸ் புறப்படுகிற நேரம். ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"அக்கா, அந்த நோட்டுல... நீங்க லீவுல போன அன்னிக்கு நான் அங்கனதான் இருந்தேன். அவங்க எழுதுனதப் பாத்தேன். அண்ணாச்சி நோட்டைக் கேட்ட பொறவு எழுதுனாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்."

"டாக்டர் வந்த அன்னிக்கு நீங்க பக்கத்துலதானே இருந்திய?"

"இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

கண்டக்டர் விசில் அடித்தார். அவர் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார். "என்னட்ட யாரும் கேக்கலையே அக்கா."

பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையைக் காட்டினார். பழக்க தோஷத்தில் நானும் கையைக் காட்டிவிட்டேன்.